குங்குமத் தட்டு போகாத வீடு

சுப்பாத்தாள் இல்லாமல் ராயபுரத்தில் எங்கள் தெருவில் ஒரு கல்யாணம் நடந்ததில்லை. எங்கள் சனத்தில் தாலிகட்டுச் சடங்குக்கு அய்யர் வரமாட்டார். அருமைக்காரர் என்று ஒரு பெரியவர் இருப்பார். பெண்கள் பக்கத்துச் சீர்களை, அதாவது சடங்குகளை, நடத்த அருமைக்காரி ஒருத்தி இருப்பாள். பிள்ளை பெற்றவளாக, புருஷன் உயிரோடு இருப்பவளாக இருந்தால்தான் அருமைக்காரி ஆக முடியும். சுப்பாத்தாள் அதற்கென்றே பிறந்தவள். எந்தச் சீருக்கு எந்தக் கூடை, யார் முன்னால் நிற்கலாம், யார் நிற்கக்கூடாது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. கலெக்டரே வந்து சொன்னாலும் மாற்றமாட்டாள். எனக்கு அவளைப் பிடிக்காது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். மதிக்காமல் இருக்கவும் முடிந்ததில்லை.

அவள் புருஷன் அர்த்தநாரி பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அறுபத்தைந்தாம் வருஷம் மஞ்சள் காமாலை வந்து போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்ததும், யாரும் கேட்பதற்கு முன்பே, சுப்பாத்தாள் சீர்க்கூடையைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டு வேலாத்தாளிடம் கொடுத்துவிட்டாள். வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு அதே கம்பெனிக்குப் பனியனில் நூல் பிசிறு வெட்டப் போனாள். பின்னால் மகள் அமராவதியும் கூடப் போனாள்.

அந்த அமராவதிக்குத்தான் பல்லடத்தில் மாப்பிள்ளை அமைந்தது. வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார் என்பார்கள். சுப்பாத்தாள் அசரவில்லை. அனுப்பர்பாளையம் போய் அண்டாவையும் குடத்தையும் தட்டித் தட்டிப் பார்த்து வாங்கினாள். பந்தலுக்குக் கீற்று, சமையலுக்கு ஆள், பத்திரிகைக்கு மஞ்சள் எல்லாம் அவள் பொறுப்பு. அழைக்கப் போகும்போது மட்டும் ஒதுங்கிக்கொண்டாள். குங்குமமும் சந்தனமும் வெற்றிலையும் வைத்த தட்டோடு இரண்டு சுமங்கலிகள் போய், வீட்டுக்காரிக்குக் குங்குமம் கொடுத்து அழைப்பதுதான் வழக்கம். வேலாத்தாளும், சுப்பாத்தாளின் அண்ணன் ஆத்தப்பனின் மனைவியும் தட்டோடு வீடு வீடாக ஏறினார்கள். பெண்ணைப் பெற்றவள் தெருமுனைப் புங்கமரத்தடியில் நின்று, அடுத்து எந்த வீடு என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தாள். பார்த்த எனக்கு அது அநியாயமாகப் பட்டது. அவளுக்கு அது முறையாகத்தான் பட்டது.

சாயங்காலம் அமராவதி கேட்டாள்: "மருதாள் பெரியம்மாளை யாரும்மா கூப்பிடறது?"

மருதாள் கம்பெனியில் அமராவதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பனியன் மடிப்பவள். புருஷன் இல்லை, ஒரே மகன் வேலைக்காகக் கோயம்புத்தூரில் இருந்தான். தனியாக இருக்கும் விதவை வீட்டுக்குக் குங்குமத் தட்டு போகாது. வழியில் பார்த்தால் வாயால் சொல்வதோடு சரி. அந்த மகன் கல்யாணத்தில் சுப்பாத்தாள்தான் அருமைக்காரி. முகூர்த்த நேரத்தில், "அக்கா, நல்ல காரியமுங்க, கொஞ்சம் உள்ள இருங்க" என்று மருதாளை மரியாதையாக அடுப்படிக்கு அனுப்பிவைத்தவள் அவள். மருதாள் மகன் தாலி கட்டியதைப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது சும்மாவா?

"தட்டுத்தானே போகக்கூடாது? நீ போலாமல்லோ? உன்ற சட்டப்படியே பார்த்தாலும் அது தப்பில்லியே" என்றாள் மகள்.

சுப்பாத்தாள் வெற்றிலை பாக்கையும் பத்திரிகையையும் மடியில் கட்டிக்கொண்டு கிளம்பினாள். அமராவதியும் கூடப் போனாள். அங்கே நடந்தது அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"அமராவதிக்குக் கண்ணாலமுங்க. அக்கா வரோணுமுங்க" என்று சுப்பாத்தாள் வெற்றிலையை நீட்டினாள்.

மருதாள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "அவரு போனதுக்கப்புறம் ஊடேறி வந்து எவளும் என்னையக் கூப்பிட்டதில்ல அம்மிணி" என்றாள். பிறகு கேட்டாள்: "முகூர்த்தத்தப்ப நீ எங்க இருப்பே?"

"அடுப்படிலதானுங்க்கா."

"அப்ப நான் எதுக்கு வாரது? சோறு திங்கவா? நீ பந்தல்ல உக்காந்தீன்னா நானும் வந்து பக்கத்துல உக்காருவேன். இல்லீன்னா இந்த வெத்தலையை எடுத்துட்டுப் போயிரு."

கொடுத்த தாம்பூலத்தைத் திரும்ப வாங்குவதைப்போல ஒரு அவமானம் எங்கள் பக்கத்தில் இல்லை. சுப்பாத்தாள் எடுக்கவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

கல்யாணத்தன்று காலையில் மருதாள் வந்தாள். "உக்காருங்க" என்று எத்தனையோ பேர் சொல்லியும் உட்காரவில்லை. பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேளம் வேகம் எடுத்தது. தாரை வார்க்க ஆத்தப்பனும் அவர் மனைவியும் நின்றார்கள். மணவறையிலிருந்த பெண் குனிந்த தலையை நிமிர்த்தி அடுப்படிப் பக்கம் இரண்டு முறை பார்த்தாள்.

சுப்பாத்தாள் கையைச் சேலையில் துடைத்தபடி வெளியே வந்தாள். நேரே வந்து ஜமுக்காளத்தில் உட்கார்ந்தாள். மருதாளும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். சீர்க்கூடையோடு நின்ற வேலாத்தாள் திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டு, தன் வேலையைக் கவனித்தாள்.

மஞ்சள் அரிசித் தட்டு வரிசையாக வந்தது. இருவரையும் தாண்டிப் போனது. கொண்டுவந்த பெண்ணைக் குற்றம் சொல்ல முடியாது. சுப்பாத்தாள் பழக்கிய பழக்கம் அது. மருதாள் எட்டித் தட்டைப் பிடித்து இழுத்தாள். இரண்டு கை நிறைய அள்ளி, ஒன்றைச் சுப்பாத்தாளின் கையில் திணித்தாள்.

"போடு அம்மிணி. உன்ற புள்ளைதானே."

தாலி ஏறியது. சுப்பாத்தாள் எழுந்து போட்டாள். பாதி அரிசி முன்னால் இருந்த சம்பந்தியின் தலையில் விழுந்தது. மீதி மகள்மேல் விழுந்ததா என்று பார்க்க முடியாதபடி அவளுக்குக் கண்ணீர் மறைத்தது. "உளுந்துருச்சு, உளுந்துருச்சு" என்று மருதாள்தான் பார்த்துச் சொன்னாள்.