பின்னால் வராத நாலு பேர்

மூன்று வருடங்களுக்கு முன், கார்த்திகை மாதக் கடைசி முகூர்த்தம். என்னோடு பள்ளியில் வேலை பார்க்கும் தோழி, மதுக்கரையைத் தாண்டி ஒரு கிராமத்தில் வீடு கட்டிக் குடிபோனார். விடிகாலையில் ஹோமம், ஏழரைக்கெல்லாம் சாப்பாடும் முடிந்துவிட்டது. உக்கடம் பஸ்ஸுக்காக நின்றேன்.

எதிரே சின்னச் சின்னக் குன்றுகள். மேற்குக் கடல் காற்று கணவாய் வழியாக உள்ளே நுழைகிற இடம் அது. குளிரில் காது விறைத்தது. கணவர் வெளியூரில், மகள் ஹாஸ்டலில். கல்யாணமாகி இருபது வருடத்தில், வீட்டில் யாரும் எனக்காகக் காத்திராத ஒரு நாள். பஸ் வந்தது. நான் ஏறவில்லை.

குன்றைத் தாண்டினால் அந்தப் பக்கமும் பஸ் ரோடு உண்டு என்று தோழி சொல்லியிருந்தார். அதை நம்பி, பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் தாம்பூலப் பையோடு ஒற்றையடிப் பாதையில் ஏறினேன். யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு இடத்தில் வழுக்கியது. ஒரு செருப்பு வார் அறுந்து, ஊக்கு குத்திக்கொண்டேன். ஆனாலும் அவ்வளவு சந்தோஷம். பாறைமேல் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றபடி சத்தமாகப் பாடக்கூடச் செய்தேன்.

உச்சியை நெருங்கும்போது புதருக்குப் பின்னாலிருந்து ஒருவர் எழுந்தார். ஐம்பது வயதிருக்கும். கையில் நீளமான தொரட்டிக் கோல். பயந்து ஓரடி பின்வாங்கினேன்.

"ஏனுங்க அம்மணி, தனியாவா வாரீங்க?"

"இல்லீங்க. பின்னால நாலு பேரு வந்துட்டிருக்காங்க."

யோசிக்காமல் வாயில் வந்த பொய். அப்புறம்தான் அவரைச் சுற்றி ஆடுகள் மேய்வதைப் பார்த்தேன்.

"அப்படீங்களா. பொழுது சாயறதுக்குள்ள எறங்கீருங்க. யானை தண்ணிக்கு வருமுங்க. நீங்க முன்னால போங்க, அவிங்க வந்தா நான் வழி சொல்லி உடறேனுங்க."

ரோட்டுக்கு இறங்கும் தடத்தைக் கோலால் காட்டினார். ஒரு மணிக்கெல்லாம் பஸ் பிடித்து, வீடு வந்து, நன்றாகத் தூங்கினேன்.

பத்து நாள் கழித்து, மதியச் சாப்பாட்டின்போது தோழி ஊர்க் கதை சொன்னார். யாரோ ஐந்து பேர் மலை ஏறினார்களாம். ஒரு பெண் மட்டும் இறங்கிப் போனாராம். மற்ற நாலு பேரைக் காணோம் என்று தேடப் போன ஆட்டுக்காரர், பாறையில் சறுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டாராம். ஊர்க்காரர்கள் போய்த்தான் தூக்கி வந்தார்களாம்.

டிபன் பாக்ஸை மூடி வைத்தேன். "நான்தான் அது" என்று தோழியிடம்கூடச் சொல்ல வாய் வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை, பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு, விசாரித்து அவர் வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டிக் கட்டிலில் படுத்திருந்தார். பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டு, எழுந்து உட்காரப் பார்த்தார்.

"அம்மணி, அந்த நாலு பேரும் பத்திரமா வந்து சேந்துட்டாங்களா?"

அவர் மனைவி பக்கத்தில் நின்றிருந்தார். "ஆட்டையெல்லாம் பட்டில அடச்சுப்போட்டு மறுக்காவும் மேல போனாருங்க. வேண்டாமுன்னா கேக்கல. நாலு உசுராச்சேன்னு போயிட்டாரு."

இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

"வந்துட்டாங்கண்ணா. வேற வழியா எறங்கிட்டாங்க."

அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. மனைவியைத் திரும்பிப் பார்த்து, "நாஞ் சொன்னேனில்ல, ஒண்ணும் ஆயிருக்காதுன்னு," என்றார். அந்த அம்மா காபி கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மலையில் சொன்ன பொய்க்காக நான் என்னைத் திட்டிக்கொள்வதில்லை. தனியாகப் போகும் எந்தப் பெண்ணும் அதைத்தான் சொல்லியிருப்பாள். என் மகளுக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுப்பேன். ஆனால் அந்த வீட்டில் மறுபடியும் பொய் சொல்ல எனக்கு என்ன பயம்? நல்லவள் என்ற பெயரோடு வாசல் தாண்ட வேண்டும் என்ற ஆசை, அவ்வளவுதான்.

கால் சரியாகக் கூடவில்லை, மலை ஏற முடியாமல் ஆடுகளை விற்றுவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்த வழியாகப் பலமுறை பஸ்ஸில் போயிருக்கிறேன். ஒருமுறைகூட இறங்கவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் கால் சரியாகியிருக்காதுதான். ஆனால் கோபப்படும் உரிமையையாவது அவருக்குக் கொடுத்திருக்கலாம், அதையும் கொடுக்காமல் வந்துவிட்டேனே என்ற நினைப்பு இன்றுவரை என்னை விடவில்லை.