உடம்புக்கு ஆகும் செலவு

இந்த முறை ஊருக்குப் போயிருந்தபோது, திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் டிரைவர் திரும்பிப் பார்த்தார். "ரெண்டு பேர் இடம் ஆவுதுக்கா, ரெண்டு டிக்கெட்டா குடுத்துடுங்க" என்றார். முகத்தில் கேலி இல்லை. பக்கத்தில் இருந்தவர்களும் சிரிக்கவில்லை. கொடுத்துவிட்டேன். நியூஜெர்சியில் இத்தனை வருஷத்தில் என் உடம்பைப் பற்றி ஒருவரும் வாய்திறந்ததில்லை. அதற்கான காசை மட்டும் சத்தமில்லாமல் வாங்கிக்கொள்கிறார்கள்.

இங்கே ஒரு பெரிய கடையில் நின்றபடியே பில் போடும் வேலை எனக்கு. நடந்து போக ஒரு தெரு கிடையாது. ஷிப்ட் முடிந்து அலுப்பில் கண்டதைத் தின்று படுத்ததெல்லாம் உடம்பில் சேர்ந்தது. முதலில் பிரஷர், பிறகு சர்க்கரை, கடைசியில் முட்டி. ஒவ்வொன்றுக்கும் ஒரு டாக்டர், ஒவ்வொரு டாக்டருக்கும் ஒரு பில். இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று ஊரில் கேட்பார்கள். மாதாமாதம் சம்பளத்தில் பிடிப்பதென்னவோ உண்மைதான். எடை குறைய வாரம் ஒரு ஊசி என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததை எடுத்துக்கொண்டு பார்மசிக்குப் போனேன். அங்கிருந்த பெண் "நாட் கவர்ட்" என்றாள். கவர் இல்லையாம் என்று நினைத்து, கையோடு கொண்டுபோயிருந்த துணிப்பையைத் தூக்கிக் காட்டினேன். அவள் பாவமாகப் பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினாள். இன்ஷூரன்ஸில் வராதாம்; ஊசியின் விலை எங்கள் வீட்டு வாடகையில் பாதிக்கு மேல் இருந்தது. பையை மடித்துக்கொண்டு திரும்பினேன்.

முட்டி ஆபரேஷனை ஊரிலேயே முடித்துக்கொள்ளலாம் என்றுதான் லீவு போட்டுப் போனேன். கீழ்பென்னாத்தூரில் விவசாயம் பார்க்கும் தம்பி முருகன், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்ற காசை எனக்காக எடுத்து வைத்திருந்தான். திருவண்ணாமலை டாக்டரோ, எடை குறையாமல் கத்தி வைக்க முடியாது என்று அதே ஊசியை எழுதினார். அமெரிக்காவை விட விலை ரொம்பக் கம்மி. முருகனுக்கு அதுவே ஜாஸ்தி.

மருந்துக்கடை வாசலில் நின்று, "இங்கயே இருந்துடுக்கா. உடம்பு சரியாவட்டும்" என்றான்.

"வேலைய வுட்டா ஊசிக்கு ஏதுடா காசு?"

அவன் உள்ளே போய், மல்லாட்டைக் காசு மொத்தத்துக்கும் ஊசி வாங்கிக்கொண்டு வந்தான். தடுக்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

சூடு பட்டால் கெட்டுவிடும் என்பதால், நியூஜெர்சிக்குத் திரும்பும்போது ஐஸ் பையில் கொஞ்சம்தான் எடுத்துவர முடிந்தது. உடம்பு லேசாக இறங்கியிருக்கிறது, முட்டி அப்படியேதான். மீதி ஊசிகள் முருகன் வீட்டு ஃபிரிட்ஜில், இட்லி மாவுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. இந்தப் பக்கம் யாராவது வந்தால் கொடுத்தனுப்புவான். தினமும் வேலைக்குக் கிளம்பும்முன் அவனுக்குப் போன் போடுகிறேன். சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால், கீழ்பென்னாத்தூரில் கரண்ட் இருக்கிறதா என்று கேட்கிறேன்.