செருப்பை விட்டுவிட்டு இறங்கிய மச்சினன்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, தீபாவளி லோடெல்லாம் போய்ச் சேர்ந்து, சிவகாசிப் பக்கம் முழுவதும் அசதியில் படுத்திருந்த நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எம். புதுப்பட்டிக்குப் போகும் சாலையில் இது நடந்தது.

நான் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். வேதியியல் படித்தவன். மருந்து கலக்கும் அறையில் எத்தனை பேர் இருக்கலாம், கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும், இடி இடித்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். யாரும் எழுப்பிக் கேட்டதில்லை. விழித்திருக்கும்போதும் கேட்டதில்லை. நானாகத்தான் சொல்வேன்.

அந்த விதிகளில் ஒன்று மட்டும் நானே வைத்தது. நான் "வெளிய" என்று ஒரு சொல் சொன்னால், அறையில் இருப்பவர்கள் கையில் உள்ளதை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு நடந்து வெளியே போய்விட வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. திரும்பிப் பார்க்கக் கூடாது. வாசலில் கழற்றிப் போட்ட செருப்பைத் தேடக் கூடாது. தூரத்து வேப்பமரத்தடிக்குப் போன பிறகு கேள்வி கேட்கலாம். இதை முன்னறிவிப்பில்லாமல் அடிக்கடி ஒத்திகை பார்ப்பேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனவர்கள் என்னைப் பற்றி என்ன பேசியிருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும்.

அப்படிப் பேசியவர்களில் முதல் ஆள் என் மச்சினன். என் மனைவியின் தம்பி. என் கீழே பல வருடம் வேலை பார்த்துவிட்டு, பிறகு திருத்தங்கலில் சொந்தமாக அட்டைப்பெட்டி செய்யும் தொழில் தொடங்கினான். குடும்ப விசேஷங்களில் பந்தியில் நான் உட்காரும்போதெல்லாம் பின்னாலிருந்து "வெளிய" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

அவனுடைய ஒரே மகளைக் கொடைக்கானல் மலையில் தோட்டம் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தில் கொடுத்திருந்தான். முந்தைய பொங்கலுக்குச் சீர் கொண்டுபோனபோது அவனுடைய பழைய டீசல் கார் ஒரு வளைவில் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. சம்பந்தி தன் ஜீப்பை அனுப்பி, ஆட்களையும் கரும்பையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போனார். ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. அதுதான் மச்சினனுக்குத் தாங்கவில்லை. இப்போது மகள் மாசமாக இருந்தாள். வளைகாப்பு முடிந்ததும் பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டும். "நீங்க சிரமப்பட வேணாம், நம்ம ஜீப்பே கொண்டாந்து விட்டுரும்" என்று சம்பந்தி போனில் சொல்லிவிட்டார். பெற்ற மகளைத் தன் காரில் கூட்டிவர முடியாத அப்பன் என்று பெயர் வாங்குவதா? வாடகைக்கு வண்டி பிடித்தாலும் அதே பெயர்தான். அவனுக்கு அந்தக் கார் மலை ஏறியாக வேண்டும்.

மெக்கானிக் ஒருவர் சொன்னார் என்று ஒரு சின்னப் பித்தளை வால்வை வரவழைத்தான். கட்டைவிரல் அளவுதான். அதைக் காரின் டர்போவில் மாட்ட வேண்டும். டர்போ என்பது, வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் அதிகக் காற்றைத் தள்ளும் சக்கரம். காற்றழுத்தம் அளவை எட்டியதும், ஒரு மெல்லிய ரப்பர் குழாய் வழியாக அந்தச் செய்தி போய் ஒரு மூடியைத் திறக்கும். புகை வேறு வழியில் போய்விடும், சக்கரம் அடங்கும். இந்த வால்வு அந்தக் குழாயின் நடுவே உட்கார்ந்துகொண்டு, செய்தியைச் சற்றுத் தாமதமாக அனுப்பும். மேலே போக வேண்டிய கோப்பைத் தன் மேஜையிலேயே வைத்திருக்கும் குமாஸ்தா மாதிரி. திருகை இறுக்க இறுக்கத் தாமதம் கூடும், அழுத்தம் கூடும், வண்டி பாயும். செய்தி போகாமலேயே நின்றுவிட்டால் இன்ஜின் நாசம்.

எனக்குக் கார் ரிப்பேர் தெரியாது. ஆனால் அழுத்தம் தெரியும். கூட வருகிறேன் என்றேன். "வாங்கத்தான், வந்து வெளிய வெளியன்னு கத்திக்கிட்டுக் கெடங்க" என்றான்.

அன்று காலை இன்ஜின் சூடாவதற்கு முன்பே அவன் வீட்டு வாசலில் வேலையை ஆரம்பித்தோம். நான் வால்வோடு வந்த குறிப்புத்தாளை முழுவதும் படித்தேன். அவன் அதன் மேல் ஸ்பேனரை வைத்திருந்தான். வால்வின் அம்புக்குறி எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று நான் சொன்னதை மட்டும் கேட்டுக்கொண்டான். குழாயை வெட்டி வால்வைச் செருகி, முனைகளில் கிளிப் போட்டு இறுக்கினான். டர்போ மூடியின் பக்கத்துக் கடைசி முனை அடியில், இரும்புத் தகட்டின் மறைவில் இருந்தது. நான் குனிந்தால் என் கண்ணாடிதான் விழுந்தது. அவன் படுத்துக்கொண்டு ஏதோ செய்துவிட்டு, "ஆச்சு" என்றான். நான் மேலிருந்து குழாயைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

அழுத்தம் காட்டும் மீட்டரை என் இருக்கைக்கு நேராக வைக்கச் சொன்னேன். முள் தாண்டக் கூடாத இடத்தில், பட்டாசு லேபிளில் கிழித்த சிவப்புக் காகிதம் ஒன்றை ஒட்டினேன். ஓட்டுபவன் சாலையைப் பார்க்க வேண்டும், பக்கத்தில் இருப்பவன் முள்ளை மட்டும் பார்க்க வேண்டும். இதுதான் ஏற்பாடு.

ஆலைகள் மூடிக் கிடந்ததால் எம். புதுப்பட்டிச் சாலையில் ஆளில்லை. முதலில் திருகை முழுவதும் தளர்த்தி ஓட்டினோம். பிறகு அரைச் சுற்று இறுக்கி, அதே இடத்தில் அதே கியரில் ஒரு தடவை. நிறுத்தி, பார்த்து, இன்னும் அரைச் சுற்று. அவனுக்குப் பொறுமை போயிற்று. "ரெண்டு சுத்தா ஒரேயடியா முறுக்கிப்புட்டா என்ன?" என்றான். கிலோ கணக்கில் மருந்தை ஒரே நேரத்தில் கலந்தால் என்ன என்று பழைய நாளில் கேட்பானே, அதே குரல். அதே பதிலைச் சொன்னேன். முணுமுணுத்தபடி அரைச் சுற்று முறுக்கினான்.

கொஞ்ச நேரத்தில் கார் ஆளே மாறிவிட்டது. முள் சிவப்புக் காகிதத்துக்குச் சற்றுக் கீழே வந்து அழகாக நின்றது. அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. சம்பந்தியை மலை உச்சியில் சந்தித்துவிட்டவன் மாதிரி இருந்தான். "ஒரே ஒரு தடவத்தான், சும்மா" என்று மறுபடி விரட்டினான்.

இந்தத் தடவை முள் வழக்கமான இடத்தில் நிற்கவில்லை. காகிதத்தைத் தொட்டது, தாண்டியது, போய்க்கொண்டே இருந்தது.

"வெளிய" என்றேன்.

நான் கத்தவில்லை. கம்பெனியில் சொல்கிற மாதிரிதான் சொன்னேன். காரில் அந்தச் சொல்லுக்கு அர்த்தமே கிடையாது. காலை எடு என்றோ நிறுத்து என்றோ சொல்லியிருக்க வேண்டும். வாயில் வந்தது அதுதான்.

அவன் கால் அந்த நொடியே எழுந்துவிட்டது. கியரை விடுவித்து, ஓரம் கட்டி, சாவியைத் திருப்பி, கதவைத் திறந்து இறங்கி நடக்க ஆரம்பித்தான். திரும்பிப் பார்க்கவில்லை. நானும் இறங்கி அந்தப் பக்கம் நடந்தேன். தூரத்தில் ஒரு கருவேல மரத்தடியில் போய் நின்ற பிறகுதான் அவன் வாய் திறந்தது.

"என்னத்தான்? என்னாச்சு?"

அவன் காலைப் பார்த்தேன். வெறுங்கால். செருப்பைக் காருக்குள்ளேயே விட்டுவிட்டு, முள் கிடக்கும் மண்ணில் நடந்து வந்திருந்தான். பெடலில் நழுவுகிறது என்று ஓட்டும்போது கழற்றிப் போட்டது. தன் காலை அவனும் அப்போதுதான் பார்த்தான்.

சூடு ஆறிய பிறகு காரின் பானெட்டைத் திறந்தோம். கருகிய நூல் வாடை. அடியில் இருந்த அந்தக் கடைசி முனை கழன்று தொங்கியது; செய்தி மூடிக்குப் போகவே இல்லை. அதில் கிளிப் இல்லை. வெடிக்குச் சுற்றும் சணல் நூல், எங்கள் ஊர் முடிச்சோடு, பாதி கருகிக் கிடந்தது. அந்த இடத்தில் கிளிப்பைத் திருகக் கை எட்டவில்லையாம்.

"அணுகுண்டுக்குச் சுத்துற நூலுத்தான். எம்புட்டு அழுத்தமா நிக்கும்" என்றான். குரலில் உயிரே இல்லை.

"அது வெடிக்கிற வரைக்கும் நின்னாப் போதும் மாப்ள. இது வெடிக்காம நிக்கணும்" என்றேன்.

இந்த மண்ணில் பிறந்தவன் தவிர வேறு யாரும் செய்ய முடியாத தப்பு. இங்கே சணல் நூலால் கட்ட முடியாதது ஒன்று உண்டு என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்னும் கொஞ்ச தூரம் மிதித்திருந்தால் அடுத்த வாரம் வளைகாப்புக்கு ஜீப்தான் வந்திருக்கும் என்று மெக்கானிக் சொன்னார். அந்தத் தகட்டைக் கழற்றி, எல்லா முனைக்கும் கிளிப் போட்டு, நான் கண்ணால் பார்த்த பிறகே மூடினோம். திருகைப் பழைய இடத்துக்குக் கால் சுற்று கீழே வைத்துப் பூட்டினோம். அந்தக் கால் சுற்றுக்கு அவன் மறுபேச்சுப் பேசவில்லை.

வளைகாப்பன்று நான்கு பேரும் பலகாரக் கூடைகளுமாக மலை ஏறினோம். போன தடவை நின்ற வளைவில் சம்பந்தி ஜீப்போடு காத்திருந்தார். எதற்கும் இருக்கட்டும் என்றுதானாம். மச்சினன் கையை ஆட்டிவிட்டு நிற்காமல் ஏறினான். கண்ணாடியில் ஜீப் சிறிதாகிக்கொண்டே போனது. திரும்பும்போது மகள் அதே காரில் வந்தாள், பின் இருக்கையில் வளையல் குலுங்கத் தூங்கியபடி.

என் வேலைக்காலம் முழுவதும் அந்தச் சொல்லை ஒரு தடவைகூட நிஜமாகச் சொல்ல நேர்ந்ததில்லை. எங்கள் அறைகளில் எதுவும் நடக்கவில்லை. நடக்காத ஒன்றுக்கு யார் நன்றி சொல்வார்கள்? பிரிவுபசாரத்தில் பூமாலையோடு நிற்கும்போது, இத்தனை பேரைச் சும்மாதான் வெளியே போக வைத்தோமோ என்று எனக்கே ஒரு சந்தேகம் இருந்தது.

இப்போது பந்தியில் யாராவது என்னைக் கேலி செய்து அந்தச் சொல்லைச் சொன்னால், மச்சினன் சிரிப்பதில்லை. அவன் கையில் இருப்பது, அப்பளமாக இருந்தாலும், தானாக இலையில் இறங்கிவிடுகிறது. அதைப் பார்க்கிற போதெல்லாம், என் உத்தியோகத்துக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் எதுவும் வேண்டாம் என்று தோன்றுகிறது.