கன்னியாவுக்குப் பதிலாக

அப்பா செத்த செய்தி போனில் வந்தபோது நான் ரானுயி என்ற வெளிநாட்டு ஊரில், எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்றேன். எண்பதுகளின் நடுப்பகுதி. திருகோணமலையிலிருந்து தம்பி கதைத்தது விட்டுவிட்டுத்தான் கேட்டது. "அக்கா, அப்பா போயிட்டார்" என்பது மட்டும் நன்றாகக் கேட்டது. போனை வைத்த கையோடு, நான் போக வேண்டும் என்று கணவரிடம் சொன்னேன். அவர் தரையைப் பார்த்தார்.

"எப்பிடிப் போறது? பாஸ்போட் இமிகிரேஷனிலையெல்லோ கிடக்கு. விசா அலுவல் முடியாமல் தரமாட்டாங்கள்."

கலியாணம் கட்டி வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. எனக்குக் கார் ஓடத் தெரியாது. அவர் தொழிற்சாலைக்குப் போனால் வீட்டில் நானும் ரேடியோவும்தான். ஜன்னலைத் திறந்தால் மழை, மரவேலி, வேலிக்கு அப்பால் இன்னொரு மரவேலி. வந்தவர்கள் எல்லோரும் என்ன விசாலமான நாடு என்று வாய் பிளப்பார்கள். எனக்கு அந்த நாடு தெருமூலை டெயரிக் கடைக்குப் போய்ப் பால் வாங்கி வரும் தூரம். அப்பா செத்த பிறகு அதற்கும் போகவில்லை. அழுகையும் வரவில்லை.

எங்கள் ஊரில் பலர் முப்பத்தோராம் நாள் காரியத்தைக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் செய்வார்கள். ஏழு சின்னக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. உள்ளே யாரும் இறங்குவதில்லை. வாளியால் அள்ளித் தலையில் ஊற்றிக்கொள்ள வேண்டும். ஊற்றி முடிந்தால், போனவரை ஒழுங்காக அனுப்பிவைத்தோம் என்று மனம் கொஞ்சம் ஆறும். சண்டைக்கு நடுவிலும் தம்பி அங்கே போக ஒழுங்கு செய்திருந்தான்.

"அண்டைக்கு எனக்கும் சுடுதண்ணி வேணும்" என்றேன் கணவரிடம். "பைப்பில வாறது வேண்டாம். நிலத்துக்குள்ள இருந்து வாறது வேணும்."

முடியாததைக் கேட்டு அந்த மனுஷனைக் கொஞ்சம் அலையவைக்க வேண்டும் என்ற எரிச்சல்தான். ஆனால் அவர் வேலையிடத்தில் விசாரித்து, தெற்கே ஓர் ஆற்றங்கரையில் காசில்லாமல் குளிக்கிற வெந்நீர் ஊற்று இருக்கிறது என்று வந்து நின்றார். நான் போய் வாளியைத் தேடினேன்.

முப்பத்தோராம் நாள் காலை வாளியை மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறினேன். கார் நெடுந்தூரம் ஓடியது.

ஆற்றோரத்தில் கல் அடுக்கி மறித்த ஒரு குட்டை. ஆவி பறந்தது. நாலைந்து வெள்ளைக்காரர்கள் கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து பியர் குடித்துக்கொண்டிருந்தார்கள். காரின் மறைவில் உடை மாற்றி, மார்புக்கு மேல் சுற்றிய குறுக்குக்கட்டோடு, கையில் வாளியோடு நான் கரையில் போய் நின்றேன். கன்னியாவில் யாரும் திரும்பிப் பார்க்காத கோலம் அது. இங்கே எல்லாப் பியரும் வாய்க்குப் போகிற வழியிலேயே நின்றன.

வாளியை முக்கினேன். ஒருவர் பதறிக் காலை இழுத்துக்கொண்டார். அள்ளியதைத் தலையில் ஊற்றினால் வெறும் வெதுவெதுப்பு; மேலால் ஆற்றுத் தண்ணீர் கலந்திருந்தது. ஒரு வயதான பெண் சிரித்துக்கொண்டே, சூடு அடி மணலிலிருந்துதான் வருகிறது, வந்து உட்கார் என்று தனக்குப் பக்கத்தில் இடம் காட்டினாள். வந்தது வந்தாயிற்று என்று வாளியைக் கரையில் வைத்துவிட்டு இறங்கினேன்.

மணலிலிருந்து சூடு முதுகில் ஏறியது. வராமல் நின்ற அழுகை அப்போதுதான் உடைந்தது. கணவர் காற்சட்டையை மடித்துவிட்டு, தோளில் துவாயோடு என் தலைமாட்டில் குந்தியிருந்தார்.

"அப்பான்ர முகத்தைக்கூடப் பார்க்கவிடாமல் பாஸ்போட்டைப் பிடிச்சு வைச்சிருக்கிறாங்களே, அவங்கள் நல்லாயிருப்பாங்களோ?" என்று அழுதேன்.

"அவங்களைத் திட்டாதையும்" என்றார். பிறகு மெதுவாக, "பாஸ்போட் வீட்டிலதான் இருக்கு. மாமா சாக முதலே விசாவோட வந்திட்டுது" என்றார்.

எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது, "ஏன் சொல்லேல்லை?" என்று மட்டும் கேட்டேன்.

"அங்க சண்டை எண்டும் பயம்தான். ஆனா அதில்லை. போனா நீர் திரும்பி வரமாட்டீர் எண்டு பயந்திட்டன்."

கத்த வேண்டும் போலிருந்தது. எழுந்து நடக்க வேண்டும் போலிருந்தது. எப்படி எழுவது? நனைந்த மெல்லிய சீத்தைத் துணி உடம்போடு அப்படியே ஒட்டிக்கிடந்தது. சுற்றிவர முன்பின் தெரியாத ஆண்கள். மாற்றுத்துணி பூட்டிய காரில், திறப்பு அவருடைய பொக்கற்றில். இருக்க இருக்கச் சூடு ஏறித் தலை சுற்றத் தொடங்கியது. எங்கள் தமிழ் அவர்களில் ஒருவருக்கும் புரியவில்லை. அந்தப் பெண் என் கையைத் தட்டி, அருமையாக இருக்கிறதல்லவா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நான் தலையாட்டினேன்.

அந்த மனுஷனை அந்த நேரம் நான் வெறுத்தேன். அவரைத் தொடக்கூட அருவருப்பாக இருந்தது. ஆனால் துவாய் அவருடைய தோளில் இருந்தது.

கையை நீட்டினேன். அவர் துவாயை விரித்து, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, எழுந்த என்னைச் சுற்றிப் போர்த்தினார். எவ்வளவு அன்பான புருஷன் என்பது போல அந்தப் பெண் எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

காரில் ஏறியபோது இங்கே மத்தியானம். அங்கே இப்போதுதான் விடிந்துகொண்டிருக்கும். தம்பி வாளியை எடுத்துக்கொண்டு கன்னியாவுக்குப் புறப்பட்டிருப்பான்.

கணவர் காரை ஸ்டார்ட் செய்துவிட்டு, "வீட்டைதானே?" என்று கேட்டார்.

அந்த நாட்டில் எனக்கு வேறு ஓரிடமும் தெரியாது. "ஓம்" என்றேன்.