சுவருக்கு அந்தப் பக்கத்துத் தண்ணீர்

நாமக்கல்லுக்கு வெளியே எங்கள் குடியிருப்பில் பூங்காவுக்கென்று விட்ட இடம் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. ஏழெட்டுக் குடும்பம் சேர்ந்து அதை வெட்டி, பாத்தி கட்டி, காய்கறி போட ஆரம்பித்தோம். கூலி கிடையாது. நேரம் இருக்கிறவர்கள் வந்து வேலை செய்வார்கள், விளைந்ததைப் பிரித்துக்கொள்வோம். அங்கிருந்த பழைய போர்வெல்லை நம்பித்தான் எல்லாம்.

தோட்டத்துச் சுவரை ஒட்டிய வீட்டில் ஒரு அக்கா இருந்தார். எங்களில் அதிகம் பாடுபட்டது அவர்தான். போன ஐப்பசியில் சேந்தமங்கலம் போய், காலிஃபிளவர் நாற்றை வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். மழை பேருக்குத்தான் பெய்தது. ஆனாலும் மார்கழிப் பனியில் செடிகள் தளதளவென்று வந்தன. குருத்துக்குள் பூ எலுமிச்சை அளவு திரண்டிருந்தது.

அந்தச் சமயத்தில் ஒரு நாள், முள்ளங்கிப் பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்தபோது அக்கா சொன்னார்:

“அம்முணி, எங்க ஊட்டு போர் நின்னே போச்சு. காத்துதான் வருது. ஆழமா வேற ஒண்ணு போடோணுங்கறாரு ஊட்டுக்காரரு.”

“போடுங்கக்கா.”

“தோட்டத்துப் போர் பக்கத்துலயே இருக்குதே. இதுல தண்ணி எறங்கிப் போச்சுன்னா?” என் முகத்தைப் பார்த்தார். “நீங்கெல்லாம் வேண்டாம்னா போடல.”

அவருடைய மாமியார் படுத்த படுக்கையாக இருந்தார். தினமும் விரிப்பும் துணியும் அலச வேண்டும். லாரித் தண்ணீர் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை. வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? மற்றவர்களிடம் கேட்டேன். எல்லோரும் கொஞ்ச நேரம் செடிகளைப் பார்த்தார்கள். பிறகு, “போடச் சொல்லுங்க, பாவம்” என்றார்கள்.

ரிக் வண்டி வந்தது. பேசினால் காது கேட்காத சத்தம். கல்தூள் பறந்து எங்கள் இலைகளெல்லாம் வெள்ளையாகிவிட்டன. சாயங்காலம் தூள் சேறாகி, சேறு தண்ணீராகிப் பீய்ச்சியடித்தது. அக்கா நனைந்துகொண்டே நின்று அழுதார். எங்களுக்கும் கண் கலங்கியது. சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்த வாரத்திலேயே எங்கள் மோட்டார் இருமத் தொடங்கியது. பிறகு காற்று மட்டும் வந்தது. அக்கா போட்ட போர்தான் காரணமா, பெய்யாத மழையா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. வீட்டிலிருந்து கேனில் தண்ணீர் பிடித்து வண்டியில் கொண்டுவந்தோம். எல்லார் வீட்டிலும் தண்ணீர் குறையக் குறைய, கேன்களும் குறைந்தன.

அக்கா தோட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார். ஒரு காலையில் சுவருக்கு மேலே பச்சை ஹோஸ் ஒன்று தொங்கியது. தண்ணீர் வந்துகொண்டிருந்தது. ஆவலாகப் பாய்ச்சினோம். வாயில் விட்டுப் பார்த்தால் உப்பு. சில நாளில் மண்மேல் வெள்ளை பூத்தது, இலை ஓரங்கள் கருகின. நிறுத்தினால் காயும், பாய்ச்சினால் கருகும். பாய்ச்சினோம்.

அக்காவைக் கூப்பிடப் போனேன். வாசற்படியில் உட்கார்ந்திருந்தவர் என்னைக் கண்டதும், “எந்த மூஞ்சிய வெச்சுட்டு அங்க வாரதுங்க?” என்றார்.

“யாரும் உங்களை ஒண்ணும் சொல்லலீங்கக்கா.”

“சொல்லியிருந்தா தேவலைங்க.”

உள்ளே மாமியார் முனகினார். அக்கா எழுந்து போனார். பக்கெட்டில் தண்ணீர் விழுகிற சத்தமும், “கொஞ்சம் திரும்பிப் படுங்கத்தை” என்கிற குரலும் கேட்டன.  வாசலிலிருந்தே திரும்பினேன்.

பொங்கல் கழிந்து அறுத்தோம். பூக்கள் உள்ளங்கை அளவுகூட இல்லை. மஞ்சள் பாய்ந்து, கட்டு விட்டு, உதிரி உதிரியாக இருந்தன. அப்படியே பிரித்துக்கொண்டோம். அக்காவின் பங்கை நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கி, நல்லா இருக்குதுங்க என்றார். அதற்கு நான் ஆமாம் என்றேன்.

இப்போது பாத்திகள் வெறுமையாகக் கிடக்கின்றன. கருவேலங்கன்று ஒன்றிரண்டு தலை காட்டுகிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் குனிந்து அதைப் பிடுங்கிப் போடுகிறார்கள். அடுத்து என்ன போடலாம் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.