நாலாம் எண் இல்லாத ஒயர்கள்

பதினாறு சேனல் ரெக்கார்டர் என்றால் பதினாறு இடங்களின் வெப்பத்தைப் பத்து விநாடிக்கு ஒரு தரம் குறித்துக்கொள்ளும். தூங்காது, லீவு கேட்காது, கரண்ட் போனாலும் பழையதை மறக்காது. இருபது வருடமாக இதைத் தோளில் போட்டுக்கொண்டு குளிரறை குளிரறையாக ஏறி இறங்குகிறேன். இதன் பெருமையைப் பேசிப் பேசி எனக்கே சலித்துவிட்டது. எந்த ஒயர் எங்கே தொங்குகிறது என்பது மட்டும் அதற்குத் தெரியாது. அதை நாம்தான் சொல்ல வேண்டும்.

ஃபேரர் பார்க்கில் ஓர் உணவுக் கிடங்கு. முதலாளி சீனர். நான் ஒயர்களுக்கு எண் கட்டும்போது பக்கத்தில் வந்து நின்று, நாலு மட்டும் வேண்டாம் என்றார். அவர்கள் மொழியில் நாலும் சாவும் ஏறக்குறைய ஒரே உச்சரிப்பு. சரி, நமக்கென்ன என்று ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து என்று கட்டினேன். அறையின் வரைபடத்திலும் அப்படியே எழுதினேன். ரெக்கார்டரில் நாலாவது சேனலை யார் பிடுங்கி எறிய முடியும்? அதில் ஐந்தாம் ஒயர் போய் உட்கார்ந்தது, ஐந்தாவதில் ஆறாம் ஒயர். சேனல் பெயர்களைப் பிறகு மாற்றலாம் என்று விட்டேன். ஒயர் நுனியிலுள்ள ஒவ்வொரு சென்சாரையும் கையில் பொத்திப் பிடித்து, எந்தச் சேனல் ஏறுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அன்றைக்கு முட்டிவலி. பார்க்கவில்லை.

ஒரு வாரப் பதிவில், ஐந்தாவது சேனலின் கோடு தினமும் காலை பதினோரு மணிக்குச் சட்டென்று ஏறியது. வரைபடத்தில் ஐந்து என்றால் கதவுப் பக்கம். கதவைத் திறந்துபோட்டு விடுகிறார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முதலாளி கண்ணில் படக்கூடாதென்று நாலாம் கோட்டை அறிக்கையில் மறைத்தும் வைத்தேன். என்ன சாமர்த்தியம்!

அந்தக் கதவுக்குப் பொறுப்பு ஓர் அக்கா. அறுபத்தோரு வயது, பத்தொன்பது வருடமாக அதே அறையில் பெட்டி அடுக்குகிறவர். அறிக்கையைப் படித்த முதலாளி, வெள்ளிக்கிழமையோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை அடுத்த பதிவை எடுக்கப் போனேன். அக்கா வழிமறித்தார்.

"தம்பி, ஞாயித்துக்கிழமைகூட கதவு திறந்து இருந்துச்சுன்னு உங்க மெஷின் சொல்லுதா?"

"ஏன்க்கா?"

"ஞாயிறு எங்களுக்கு வேலையே கிடையாதுலா. சனிக்கிழமையே பூட்டிட்டு, சாவிய ஆபீஸ்ல குடுத்துட்டுப் போயிடுவேன்."

"மெஷின் பொய் சொல்லாதுக்கா" என்றேன். இன்னும் இரண்டு இடத்துக்குப் போக வேண்டியிருந்தது.

சாயங்காலம் சுவா சூ காங் போகும் ரயிலில் அதிசயமாக உட்கார இடம் கிடைத்தது. கண்தான் அசரவில்லை. லேப்டாப்பைத் திறந்து ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்தேன். அதே பதினோரு மணி, அதே ஏற்றம். பூட்டிய அறையில் கதவைத் திறந்தது யார், பேயா? குளிரூட்டும் கருவியில் படிந்த பனியைக் கரைக்க, அது தானாகச் சூடேறும் நேரம் அது. ஐந்தாவது சேனலில் உட்கார்ந்த ஆறாம் ஒயர் அதன் பக்கத்தில்தான் தொங்குகிறது. மறைத்து வைத்த நாலாம் கோட்டை எடுத்தேன். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அதுதான் கதவு. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மறுநாள் காலை முதல் வேலையாகக் கதவுப் பக்கச் சென்சாரைக் கையில் பொத்தினேன். நாலு ஏறியது. ஐந்து அசையவே இல்லை.

முதலாளியிடம் சொன்னேன். மெஷின் கோளாறு என்று எழுதிக் கொடுத்துவிடு, அந்தம்மா வேலையில் இருக்கட்டும் என்றார். மெஷின் சரியாகத்தான் குறித்தது, தப்பு என்னுடையது என்றே எழுதிக் கொடுத்தேன். வீரமெல்லாம் இல்லை. பொய்யை ஜோடிக்கவும் தெம்பு வேண்டுமே.

அக்கா குளிரறை வாசலில் ஜாக்கெட் மாட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, கதவு மூடித்தான் இருந்திருக்கு. நான்தான் ஒயர மாத்திப் படிச்சுட்டேன். வேலை போகாது, முதலாளியே சொல்லிட்டாரு. மன்னிச்சிடுங்க."

நன்றாகத் திட்டு விழும் என்று நின்றேன். விழுந்தால் தேவலை என்றும் இருந்தது.

"அப்ப சனிக்கிழமை நான் பூட்டித்தான் இருக்கேன்?"

"ஆமாக்கா."

"மெஷின் பொய் சொல்லாதுன்னு சொன்னீங்கல்ல, அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு தம்பி. எங்கம்மாவுக்கு வந்த மறதி எனக்கும் ஆரம்பிச்சுடுச்சோன்னு நேத்து அரைநாள் லீவு போட்டுட்டு, கவர்மெண்டு போலிகிளினிக்ல டாக்டரப் பாக்கப் போனேன். மக கிட்ட எப்படிச் சொல்றதுன்னு இப்ப வரைக்கும் யோசிச்சுக்கிட்டே இருந்தேன்லா."

அப்புறம்தான் அழுதார்.