கடலில் விட்ட ஜீன்ஸ்

மாமா சென்னையில் இருந்து வந்து இறங்கிய அன்று, அம்மா அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பேண்ட்டைத்தான் பார்த்தாள். "ஏலே, பஸ்ஸுல இருந்து விழுந்துட்டியா?" என்று பதறிப்போய்க் கேட்டாள். இரண்டு முழங்காலும் கிழிந்து, கிழிசலின் குறுக்கே வெள்ளை நூல் தொங்கிக்கொண்டிருந்தது. தொடைப் பக்கம் சாயம் வெளுத்துத் திட்டுத் திட்டாக இருந்தது. மாமா சிரித்துக்கொண்டே, "வாங்கும்போதே இப்பிடித்தான்க்கா இருந்துச்சு" என்றார். விழுந்திருந்தால்கூட அம்மா அவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டாள்.

மாமா, அம்மாவின் ஒரே தம்பி. சென்னையில் ஒரு செல்போன் கடையில் வேலை பார்த்தார். அவர்களைப் பெற்றவர்கள் இரண்டு பேருமே இல்லாததால், தம்பிக்குப் பெண் பார்த்துக் கட்டிவைக்கிற பொறுப்பு அம்மாவின் தலையில் விழுந்திருந்தது. பார்த்த இடமெல்லாம் ஏதோ ஒரு காரணத்தால் தட்டிக்கொண்டே போயிற்று. மாமாவுக்கு வயது முப்பதை எட்டிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை தேவிபட்டினத்தில் ஒரு பெண். ஜாதகத்தில் அத்தனை பொருத்தமும் சரியாக இருந்ததால், இதையும் விட்டால் இனி அமையாது என்று அம்மா பயந்துபோயிருந்தாள். எனக்கு அப்போது பத்து வயது. எங்கள் வீடு ராமநாதபுரத்தில், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்.

கிழிசலையாவது பொறுத்துக்கொள்ளலாம், அந்த பேண்ட்டின் இடுப்பைத்தான் பொறுக்கவே முடியவில்லை. அது இடுப்பில் நிற்காது. இடுப்புக்குக் கீழே எங்கோ தொற்றிக்கொண்டு, எந்த நேரமும் கையை விட்டுவிடுவேன் என்று மிரட்டிக்கொண்டே இருக்கும். மாமா தரையில் சாப்பிட உட்கார்ந்தால் பின்னால் சட்டை மேலே ஏறி, உள்ளாடையின் பட்டையில் எழுதியிருக்கிற கம்பெனிப் பெயர் வீட்டுக்கே தெரியும். அம்மா பரிமாறுகிற சாக்கில் பின்பக்கமாகப் போய்ச் சட்டையை இழுத்துவிட்டு வருவாள். அய்யா என்று நான் கூப்பிடுகிற என் அப்பா அந்த நேரத்தில் மட்டும் பேப்பரை முகத்துக்கு நேராக உயர்த்திப் பிடித்துக்கொண்டு மும்முரமாகப் படிப்பார்.

இப்போது மட்டும் என்ன வாழ்கிறது? மகளைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகும்போது தெருவில் பார்க்கிறேன். மூன்று ஆள் புகுந்துகொள்கிற சட்டையும் தெருவைக் கூட்டுகிற பேண்ட்டுமாகப் பையன்கள் திரிகிறார்கள். பெண்களின் சுடிதாரில் தோள்பட்டைக்கு ஜன்னல் வைத்துத் தைக்கிறவர்களுக்கு, ஒரு பாக்கெட் வைக்க மட்டும் மனசு வருவதில்லை. எனக்கு எரிச்சல் எரிச்சலாகத்தான் வருகிறது. ஆனால் யாரையும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். உடையை வைத்து ஆளை எடைபோட்ட ஒரு நாளை நான் கிட்ட இருந்து பார்த்தவள்.

பெண் பார்க்கப் போகிற அன்று காலையில் அம்மா பட்டு வேட்டியை எடுத்து வைத்தாள். மாமா கட்ட மாட்டேன் என்று நின்றுவிட்டார். "கல்யாணத்துக்கு அப்புறமும் நான் இதத்தான் போடப் போறேன். இன்னைக்கு வேட்டியக் கட்டி ஏமாத்துறதுக்கு, இப்பமே உள்ளபடி பார்த்துக்கிரட்டும்" என்றார். அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது என்று இன்றைக்கு நினைக்கிறேன். அய்யா செருப்பை மாட்டிக்கொண்டே, "பார்த்துக்கிருவாக மாப்ள, முழங்கால் வரைக்கும் பார்த்துக்கிருவாக" என்றார். அம்மா வேட்டியை மடித்துப் பீரோவில் வைத்தபோது அவள் கண் கலங்கியிருந்தது.

அம்மா வேறு எந்த ஊருக்குப் போயிருந்தாலும் அந்த பேண்ட்டைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள், அல்லது முகம் சுளித்திருப்பார்கள். தேவிபட்டினம் அப்படி இல்லை. அங்கே கடலுக்குள் ஒன்பது கல் நிற்கிறது, நவக்கிரகம். தோஷம் உள்ளவர்கள், காரியம் தடைப்பட்டுக் கிடப்பவர்கள் எங்கெங்கிருந்தோ வந்து, அந்தக் கல்லைச் சுற்றிக் கும்பிட்டு, கடலில் முழுகி, உடுத்திய துணியை அங்கேயே விட்டுவிட்டுப் போவார்கள். துணியோடு தோஷமும் போய்விடும் என்பது நம்பிக்கை. நல்ல துணியைக் கடலில் விட யாருக்கு மனசு வரும்? அதனால் வரும்போதே வீட்டில் இருப்பதிலேயே நைந்தது, கிழிந்தது, சாயம் போனது எதுவோ அதைத்தான் போட்டுக்கொண்டு வருவார்கள். பெண்ணின் அப்பா கடற்கரைக்குப் போகிற வழியில் கடை வைத்திருந்தார். நவதானியம், கற்பூரம், மாற்றுத் துணி கொண்டுவராதவர்களுக்குத் துண்டு, வேட்டி எல்லாம் அவர் கடையில் கிடைக்கும்.

வாசலில் நின்று எங்களை வரவேற்ற மனுஷர், மாமாவின் முழங்காலைப் பார்த்ததும் கும்பிட்ட கையை இறக்கவில்லை. அவர் முகத்தில் கோபமோ கேலியோ இல்லை. உண்மையான இரக்கம்தான் இருந்தது.

"மொதல்ல கடலுக்குப் போயிட்டு வந்திருக்கலாமேப்பு. ஈரத்தோட வந்தாலும் நம்ம வீடுதான?" என்று அய்யாவிடம் சொன்னார். "சரி, இப்பமும் ஒண்ணும் கெட்டுப் போகல. ஐயருக்குச் சொல்லிவிடுறேன்."

அய்யாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எதுக்குங்க ஐயரு?"

"பரிகாரத்துக்குத்தான். தம்பி அதுக்குண்டான துணியோடதான வந்திருக்காக."

மாமாவின் காது சிவந்துபோயிற்று. இது புது பேண்ட், இதுதான் இப்போது ஃபேஷன், சென்னையில் எல்லாரும் போடுகிறார்கள் என்று வரிசையாகச் சொன்னார். சொல்லச் சொல்லப் பெண்ணின் அப்பா முகத்தில் இருந்த இரக்கம் குறைந்துகொண்டே போயிற்று. தோஷத்தை ஒப்புக்கொள்ளாமல் சாக்குச் சொல்கிறவர்களை அவர் அன்றாடம் கடையில் பார்க்கிறவர். "ஜாதகத்துல ஒரு குறையும் இல்லைன்னுதானம்மா சொன்னீக?" என்று அம்மாவைப் பார்த்துக் கேட்டார். அம்மா தண்ணீர்ச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றாள்.

நான் அதற்குள் பெண் இருந்த அறைக்குள் போய்விட்டேன். சின்னப் பிள்ளை என்பதால் யாரும் தடுக்கவில்லை. அந்த அக்கா அரக்கு நிறப் பட்டுப்புடவையில், தலை நிறைய மல்லிகைப்பூவோடு, ஜன்னல் கதவின் இடுக்கு வழியாகக் கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிலில் கல்லூரிப் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. வந்தவர்கள் கண்ணில் படாமல் இருக்க யாரோ அவற்றின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடியிருந்தார்கள்.

"உங்க மாமா போட்டுருக்கது டேமேஜ் ஜீன்ஸ்தான?" என்று அந்த அக்கா கேட்டார். "எங்க காலேஜ்ல ஒரு அண்ணன் இதையே போட்டு வந்து பிரின்சிபால்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டாரு."

எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. மாமாவின் பேண்ட்டை மதித்துப் பெயர் சொல்லிக் கூப்பிட ராமநாதபுரம் ஜில்லாவிலேயே ஒரு ஆள் கிடைத்துவிட்டது. இதுதான் என் அத்தை என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன்.

"பிடிச்சிருக்கா?" என்று கேட்டேன்.

"பேண்ட்டா, மாமாவா?"

"ரெண்டும்தான்."

"உங்க மாமா நல்லாத்தான் இருக்காக" என்றார். அப்புறம் துண்டு போட்டு மூடிய புத்தகங்களைப் பார்த்து, "எனக்கு இன்னும் ரெண்டு வருசம் இருக்கு. கட்டிக் குடுத்துட்டா அவ்வளவுதான்" என்றார். எதற்கு இரண்டு வருஷம் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் தோன்றவில்லை.

அந்த நேரத்தில் அக்காவின் அம்மா உள்ளே வந்தார். "ஏத்தா, நீதான் காலேஜ் போறவ. கிழிஞ்ச துணியப் போடுறதுதான் இப்பப் பசங்களுக்கு பேசனாம்ல, நெசமாவா?"

அக்கா தன் அம்மாவைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். "அப்பிடி யாரும் போட்டு நான் பார்த்ததே இல்லம்மா" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். திறந்த வாயில் ஒரு லட்டு வந்து விழுந்தது. தட்டில் இருந்ததை எடுத்து அக்காவே ஊட்டிவிட்டார். ஊட்டிய அவசரத்தில் பாதி லட்டு உதிர்ந்து என் கவுனில் கொட்டியது. நான் மென்று முடிப்பதற்குள் அக்காவின் அம்மா கூடத்துக்குப் போய், காலேஜில் யாருமே இப்படிப் போடுவதில்லையாம் என்று சொல்லிவிட்டார்.

அம்மாவுக்கு வேறு வழி இருக்கவில்லை. ஃபேஷன் என்றால் பொய்க்காரக் குடும்பம் என்று பேராகிவிடும். பரிகாரம் என்றால் பக்தி உள்ள குடும்பம், அதற்குத்தான் இந்த மனுஷர் அத்தனை இரக்கம் காட்டினார். அதோடு அந்த பேண்ட்டும் தொலையும். "மறைக்க என்னண்ணே இருக்கு? தட்டித் தட்டிப் போகுதேன்னுதான், வந்த இடத்துல இதையும் முடிச்சுட்டுப் போகலாம்னு கூட்டியாந்தேன்" என்றாள். மாமா "அக்கா!" என்று எழுந்தார். அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். தம்பியை வளர்த்து ஆளாக்கியவள் பார்க்கிற பார்வை அது. மாமா செருப்பைத் தேடப் போய்விட்டார்.

கடலில் அவ்வளவாக ஆழம் இல்லை. மாமா கல்லைச் சுற்றி வந்து முழுகினார். இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு பேண்ட்டைக் கழற்றி விட்டார். சும்மா சொல்லக் கூடாது, அந்த பேண்ட் லேசில் போகவில்லை. ஒரு காலில் காற்று புகுந்துகொண்டு, உப்பிப்போய் மாமாவின் பின்னாலேயே மிதந்து வந்தது. ஐயர் அதை ஒரு குச்சியால் தள்ளிவிட்டு, "திரும்பிப் பார்க்காமல் வாங்கோ" என்றார். கரையில் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எந்தச் சாமியிடம் எதற்கு நன்றி சொன்னாள் என்று எனக்குத் தெரியும்.

பெண்ணின் அப்பா கடையில் இருந்து ஒரு புது வேட்டி கொடுத்தார். வேட்டி கட்டியதும் மாமா ஆளே மாறிப்போய், லட்சணமாக இருந்தார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் திரும்பவும் அந்த வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார். ஆனால் அக்கா காபித் தட்டோடு வந்து நின்றதும் அந்தக் கடுகடுப்பெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. காரில் திரும்பி வரும்போது பேண்ட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அந்தப் பெண் என்ன படிக்கிறது என்று மட்டும் அம்மாவிடம் கேட்டார். அம்மா முன்சீட்டில் இருந்த அய்யாவின் தோளைத் தட்டி, "பார்த்தீகளா?" என்று சிரித்தாள்.

சில நாள் கழித்துத் தரகர் வந்து, அவர்களுக்குச் சம்மதம் இல்லை என்று சொன்னார். தோஷம் இருப்பதை முதலில் மறைத்துவிட்டோமாம். பெண்ணுக்கும் பயமாக இருக்கிறதாம். கடலில் துணி விட்டுப் போகிறவர்களுக்குப் புது வேட்டி கொடுக்கலாம், பெண் கொடுக்க முடியாது என்று அந்த அப்பா சொன்னாராம். அம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். "எல்லாம் அந்தப் பாழாப்போன பேண்ட்டால வந்தது" என்றார் அய்யா.

எனக்குப் பொறுக்கவில்லை. மொட்டை மாடியில் தனியாக நின்றுகொண்டிருந்த மாமாவிடம் போய், உள்ளே நடந்தது அத்தனையையும் சொன்னேன். டேமேஜ் ஜீன்ஸ் என்று அந்த அக்காவே சொன்னது, அப்புறம் பார்த்ததே இல்லை என்று பொய் சொன்னது, லட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். மாமா கொதித்துப் போய் தேவிபட்டினத்துக்குக் கிளம்புவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, "ரெண்டு வருசம் இருக்குன்னா சொன்னுச்சு?" என்று அதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு என் தலையில் கையை வைத்து, "இத யாருகிட்டயும் சொல்லிறாதத்தா. அவுக வீடு வரைக்கும் போயிரும்" என்றார்.

கீழே இறங்கி வந்து அம்மாவிடம், "மச்சான் சொல்றது சரிதான்க்கா. என் பேண்ட்டாலதான் கெட்டுச்சு" என்றார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பேண்ட்டுக்காக அத்தனை சண்டை போட்ட மனுஷர், ஒரு பொய்க்காரியைக் காப்பாற்றுவதற்காக இப்போது அதையே காட்டிக் கொடுக்கிறாரே என்று இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மாமாவுக்கு அப்புறம் கமுதியில் பெண் அமைந்து, நல்லபடியாகவே வாழ்கிறார்.

நான் கல்லூரியில் பாதிப் படிப்பில் இருந்தபோது என்னைப் பார்க்க ஒரு மாப்பிள்ளை வந்தார். புடவையைக் கட்டி, பூவை வைத்து, என்னை உள்ளறையில் உட்கார வைத்தார்கள். நான் எழுந்து ஜன்னல் இடுக்கு வழியாகக் கூடத்தைப் பார்த்தேன். வந்தவரிடம் சாக்குச் சொல்ல ஒரு கிழிசலாவது கிடைக்குமா என்று உச்சியில் இருந்து உள்ளங்கால் வரைக்கும் தேடினேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கறுப்பு பேண்ட். ஒரு நூல்கூடப் பிரிந்திருக்கவில்லை.